கணினிப் போர்க்களத்தில் பண்டைய படைகள்: வரலாறு எங்கே விலகுகிறது?

பண்டைய உலகின் போர்களைக் கணினித் திரையில் நடத்திப் பார்க்க வகைசெய்யும் வியூக விளையாட்டுக்கள், 1990களின் பிற்பகுதியிலிருந்து உலகெங்கும் இலட்சக்கணக்கானோரை ஈர்த்து வந்துள்ளன. ஹன்னிபாலின் யானைகளையும், மாசிடோனியர்களின் நீண்ட ஈட்டிகளையும், ரோமானியப் படையணிகளையும் இன்றைய இளைஞர்களில் பலர் முதலில் சந்திப்பது பாடப்புத்தகங்களில் அல்ல, இந்த விளையாட்டுக்களில்தான்.

எனவே, திரையில் அணிவகுக்கும் படைப்பிரிவுகள் வரலாற்றில் உண்மையாகவே இருந்தவையா என்ற கேள்வி விளையாட்டு ஆர்வலர்களிடையே மட்டுமன்றி வரலாற்று ஆய்வாளர்களிடையேயும் எழுந்துள்ளது. கவசத்தின் நிறமும் தலைக்கவசத்தின் வடிவமும் சிறிய விடயங்கள் எனத் தோன்றலாம். ஆனால் ஒரு படைப்பிரிவில் யார் சேர்க்கப்பட்டார்கள், அவர்களுக்கு ஆயுதம் கொடுத்தது யார், பதிலாக அவர்கள் பெற்றது என்ன என்பவை அந்தச் சமூகத்தின் அமைப்பைக் காட்டுபவை. படைப்பிரிவு தவறாகச் சித்தரிக்கப்படும்போது மறைந்துபோவது பெரும்பாலும் இந்தத் தகவல்தான். இதற்கு எகிப்து ஒரு தெளிவான உதாரணம்.

ஆயிரம் ஆண்டுகள் தாமதமாக வந்த தேர்கள்

பிரிட்டனைச் சேர்ந்த கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கிய "ரோம்: டோட்டல் வார்" என்ற விளையாட்டு 2004ஆம் ஆண்டு வெளியானது. ஆயிரக்கணக்கான வீரர்கள் ஒரே களத்தில் மோதும் காட்சியை முப்பரிமாணத்தில் காட்டிய இந்த விளையாட்டு அக்காலத்தில் பெரும் வரவேற்பைப் பெற்றது. அது வெளிவருவதற்கு முன்னரே, அதன் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திப் பண்டைய போர்களை மீண்டும் நடத்திக் காட்டும் "டைம் கமாண்டர்ஸ்" என்ற தொலைக்காட்சித் தொடர் 2003இல் பிரிட்டனில் ஒளிபரப்பாகத் தொடங்கியிருந்தது.

விளையாட்டின் கதைக்களம் கி.மு. 270இல் தொடங்குகிறது. அதில் வரும் எகிப்தியப் படையில் "பாரோவின் காவலர்கள்", "நைல் ஈட்டி வீரர்கள்", "பாலைவனக் கோடரி வீரர்கள்" ஆகியோருடன் குதிரைகள் பூட்டிய போர்த் தேர்களும் இடம்பெறுகின்றன. பிரமிடுகளையும் கல்லறை ஓவியங்களையும் கண்டு பழகிய எவருக்கும் இந்தத் தோற்றம் உடனே அடையாளம் தெரியும்.

ஆனால் இது வேறொரு யுகத்தின் எகிப்து. பாரோ மன்னர் இரண்டாம் ராம்செஸ், ஹிட்டைட்டுகளுக்கு எதிராகக் காதேஷ் என்னுமிடத்தில் தேர்ப்படையுடன் போரிட்டது ஏறத்தாழ கி.மு. 1274இல் ஆகும். விளையாட்டின் கதை தொடங்கும் ஆண்டுக்கும் அந்தப் போருக்கும் இடையே ஓராயிரம் ஆண்டுகள் கழிந்திருந்தன. அந்த இடைவெளியில் மேற்காசியாவிலும் எகிப்திலும் போர்த் தேரின் இடத்தைக் குதிரைவீரன் பிடித்துக்கொண்டுவிட்டான்.

கி.மு. 270இல் எகிப்தை ஆண்டவர்கள் கிரேக்க மொழி பேசிய மாசிடோனியர்கள். மகா அலெக்சாண்டர் கி.மு. 323இல் இறந்த பின்னர், அவருடைய தளபதிகளில் ஒருவரான தாலமி எகிப்தைத் தன்வசமாக்கிக்கொண்டு, பின்னர் அரசராக முடிசூடினார். அவருடைய வம்சமே கி.மு. 30இல் ஏழாம் கிளியோபாட்ரா இறக்கும்வரை அந்நாட்டை ஆண்டது. அவர்களின் படையும் அலெக்சாண்டரின் படையைப் போலவே அமைந்திருந்தது. நீண்ட ஈட்டி ஏந்திய காலாட்படையே அதன் முதுகெலும்பு.

விளையாட்டில் வரும் எகிப்திய ஈட்டி வீரர்களில் சிலர் மாசிடோனியர்களைப் போல நெருக்கமான அணியாக நிற்க முடியும். எனினும், அவர்களுடைய உடையும் பெயரும் கிரேக்க ஆட்சி என்ற ஒன்று அங்கே நடந்ததற்கான சுவடே இல்லாமல் செய்துவிடுகின்றன.

ரஃபியாவில் நின்ற படை

உண்மையான தாலமிப் படை எப்படி இருந்தது என்பதை அறிய ஒரு போர் பெரிதும் உதவுகிறது. கி.மு. 217இல், இன்றைய காசாப் பகுதியில் உள்ள ரஃபாவுக்கு அருகே, ரஃபியா என்ற இடத்தில் நான்காம் தாலமியும் செலூக்கியப் பேரரசர் மூன்றாம் அந்தியோக்கசும் மோதினர். சிரியாவின் தென்பகுதி யாருக்குச் சொந்தம் என்பதே அவர்களிடையே இருந்த பிரச்சினை.

கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் தரும் கணக்கின்படி தாலமியிடம் 70,000 காலாட்படையினரும், 5,000 குதிரைவீரர்களும், 73 யானைகளும் இருந்தன. அந்தியோக்கசிடம் 62,000 காலாட்படையினர், 6,000 குதிரைவீரர்கள், 102 யானைகள். தாலமியின் தரப்பில் மாசிடோனியக் குடியேறிகள், கிரேக்கக் கூலிப்படையினர், கிரீட் தீவினர், லிபியர்கள், திரேசியர்கள், கலாத்தியர்கள் என்று பல இனத்தவர் இடம்பெற்றிருந்தனர். தேர்ப்படை பற்றிய குறிப்பு அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் அந்தப் பட்டியலில் மிக முக்கியமான ஒரு விவரம் உண்டு. எகிப்தைப் பூர்வீகமாகக் கொண்ட 20,000 பேர், மாசிடோனியப் பாணியில் ஈட்டி ஏந்தி, பிரதான அணியிலேயே நின்றார்கள் என்கிறார் பாலிபியஸ். இதன் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ள தாலமிகளின் ஆட்சிமுறையைச் சற்று நோக்க வேண்டும்.

எகிப்தை ஆண்ட கிரேக்கர்களும் மாசிடோனியர்களும் நாட்டின் மக்கள்தொகையில் சிறுபான்மையினர். படைவீரர்களுக்கு அரசு விளைநிலங்களை வழங்கியது. அமைதிக் காலத்தில் அந்த நிலத்தின் வருவாயில் வாழ்ந்து, போர்க் காலத்தில் அழைப்பு வரும்போது அவர்கள் படையில் சேர வேண்டும். குதிரைவீரர்களில் உயர்நிலையில் இருந்தோருக்குச் சுமார் 27 ஹெக்டேர் வரை நிலம் ஒதுக்கப்பட்டது. வரி கட்டியும் உழுதும் இந்த அமைப்பைத் தாங்கிப் பிடித்தவர்கள் எகிப்தியக் குடியானவர்கள். எகிப்தியர்களிலும் படைத்தொழில் செய்தோர் இருந்தனர். எனினும் போரின் முடிவைத் தீர்மானிக்கும் நீண்ட ஈட்டி அணி ஆளும் இனத்தவரிடமே இருந்துவந்தது.

அந்தியோக்கஸ் படையெடுத்து வந்தபோது, இந்த ஏற்பாட்டால் கிடைத்த ஆட்பலம் போதவில்லை. அரசரின் தலைமை அமைச்சர் சொசிபியஸ், எதிரியின் தூதர்களை மெம்பிஸ் நகரில் பேச்சுவார்த்தையில் இருத்தி வைத்துக்கொண்டு, அலெக்சாந்திரியாவில் இரகசியமாகப் படையைத் திரட்டிப் பயிற்சி அளித்தார். எகிப்தியர்களின் கையில் மாசிடோனிய ஈட்டி வந்து சேர்ந்தது அப்போதுதான்.

போர் நாளன்று தாலமியின் இடதுபக்க யானைகள் பின்வாங்கின. அந்தப் பக்கத்தை முறியடித்த அந்தியோக்கஸ், ஓடுபவர்களைத் துரத்திக்கொண்டு களத்தை விட்டு வெகுதூரம் சென்றுவிட்டார். அதற்குள் நடுவில் நின்ற ஈட்டி அணிகள் மோதின. வெற்றி தாலமிக்குக் கிடைத்தது. எகிப்தியர்கள் நின்ற அணியும் அந்த வெற்றியில் பங்குகொண்டது.

ஈட்டியிலிருந்து ரொசெட்டா கல் வரை

போர் வெற்றியுடன் கதை முடியவில்லை. ரஃபியாவில் வென்ற பெருமிதத்தால் எகிப்தியர்கள் அதன்பின் ஆட்சியாளர்களுக்குப் பணிந்து நடக்க மறுத்தனர் என்றும், தங்களுக்கென ஒரு தலைவரைத் தேடிக் கிளர்ந்தெழுந்தனர் என்றும் பாலிபியஸ் எழுதுகிறார். எகிப்தியர்களுக்கு ஆயுதம் அளித்த முடிவு, அப்போதைய தேவைக்கு உதவினாலும் வருங்காலத்துக்குக் கேடாக அமைந்தது என்பது அவருடைய மதிப்பீடு.

சுமார் கி.மு. 205 முதல் 186 வரை தென் எகிப்தின் பெரும்பகுதி தாலமிகளின் கட்டுப்பாட்டில் இல்லை. அங்கே எகிப்தியப் பெயர் கொண்ட இருவர் அடுத்தடுத்துப் பாரோக்களாக அறிவிக்கப்பட்டனர். நைல் நதியின் கழிமுகப் பகுதியிலும் கலகங்கள் வெடித்தன. இந்தக் கலகங்களுக்கு வரிச்சுமை, பொருளாதார நெருக்கடி, அரண்மனைச் சூழ்ச்சிகள் போன்ற வேறு காரணங்களும் இருந்தன என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். எனினும் ரஃபியாவில் பெற்ற போர்ப் பயிற்சி இதில் வகித்த பங்கை அவர்கள் முற்றாக மறுப்பதில்லை.

கி.மு. 196இல் சிறுவனான ஐந்தாம் தாலமியின் பெயரால் எகிப்தியக் குருமார்கள் வெளியிட்ட ஆணை ஒன்று, கலகக்காரர்கள் பிடித்துவைத்திருந்த நகரம் முற்றுகையிடப்பட்டு அடக்கப்பட்டதைக் கூறுகிறது. வரிக் குறைப்பு, கோவில்களுக்கான சலுகைகள் ஆகியவற்றையும் அது பட்டியலிடுகிறது. அந்த ஆணை பொறிக்கப்பட்ட கல்தான், பிற்காலத்தில் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க உதவிய புகழ்பெற்ற ரொசெட்டா கல். 1802 முதல் அது லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆட்சியாளர்கள் வேறு இனம், குடிமக்கள் வேறு இனம் என்ற நிலை, ஆயுதம் யாரிடம் இருக்கலாம் என்ற கேள்வி, ஆயுதம் பெற்றவர்கள் உரிமையும் கோரியது ஆகிய மூன்றும் அந்த 20,000 ஈட்டி வீரர்களின் கதையில் அடங்கியுள்ளன. "பாரோவின் காவலர்கள்" அணிவகுக்கும் விளையாட்டில் இந்தக் கதைக்கு இடமே இல்லை. அங்கே மன்னரும் எகிப்தியர், வீரரும் எகிப்தியர்.

விளையாட்டு வடிவமைப்பின் நிர்ப்பந்தங்கள்

இத்தகைய பிழைகள் அறியாமையால் மட்டும் நேர்வதில்லை. வியூக விளையாட்டில் ஒவ்வொரு தரப்பும் மற்றதிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் மாசிடோனியா, செலூக்கியப் பேரரசு, தாலமிகளின் எகிப்து ஆகிய மூன்றின் பிரதானப் படைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. உள்ளதை உள்ளபடி காட்டினால், யாரைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே விளையாட்டையே ஆட வேண்டியிருக்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது எது எந்தப் படை என்று கண்டுகொள்வதும் சிரமம்.

அடுத்தது சமநிலை. ஈட்டி வீரர் குதிரைவீரரை வெல்ல வேண்டும், குதிரைவீரர் வில்லாளரை வெல்ல வேண்டும், வில்லாளர் மெதுவாக நகரும் ஈட்டி அணியைத் தொல்லைப்படுத்த வேண்டும் என்ற சுழற்சி இவ்வகை விளையாட்டுக்களின் அடிப்படை. அதற்கு ஏற்பத் தாக்குதல், தற்காப்பு, மனவுறுதி ஆகியவற்றுக்கு எண்கள் வழங்கப்படுகின்றன.

மூன்றாவது, படை திரட்டும் முறை. விளையாட்டில் கருவூலத்தில் பணம் இருந்தால், அடுத்த சுற்றிலேயே ஒரு படைப்பிரிவு ஆயத்தமாகிவிடும். நிலம் வழங்கல், குடியேற்றம், குடியுரிமை, கூலிப்படைப் பேரம் ஆகிய அனைத்தும் ஒரே விலைப்பட்டியலுக்குள் சுருங்கிவிடுகின்றன. சொசிபியஸ் தூதர்களை ஏமாற்றிக் காலம் கடத்த நேர்ந்ததற்கான காரணம் இந்த அமைப்பில் விளங்காது.

சொத்து மதிப்பே படைவரிசை

ரோமானியப் படையின் சித்தரிப்பிலும் இதே சிக்கல் காணப்படுகிறது. 1997இல் வெளியான "ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்" விளையாட்டில், கிரேக்கக் காலாள் வீரரைத் தரம் உயர்த்தினால் அவர் "ஃபாலங்ஸ்" ஆவார், மேலும் உயர்த்தினால் "செஞ்சூரியன்" ஆவார். உண்மையில் ஃபாலங்ஸ் என்பது வீரர்கள் நெருங்கி நிற்கும் அணிவகுப்பின் பெயர். செஞ்சூரியன் என்பவர் ரோமானியப் படையில் சுமார் 80 பேருக்குத் தலைமை தாங்கிய அதிகாரி. முதலாவது தனி வீரரைக் குறிக்காது, இரண்டாவது கிரேக்கரையே குறிக்காது.

"ரோம்: டோட்டல் வார்" இந்த விடயத்தில் அதிகக் கவனம் செலுத்தியது. வெலித்தெஸ், ஹஸ்தாத்தி, பிரின்கிப்பெஸ், திரியாரி என்ற நான்கு வகைக் காலாட்படையினரும் அதில் உண்டு. பாலிபியஸ் விவரிக்கும் வழக்கமான படையணியில் முதல் மூன்று வகையினர் தலா 1,200 பேரும் திரியாரி 600 பேருமாக 4,200 காலாட்படையினர் இருந்தனர்.

ஆனால் இந்தப் பிரிவினை வயதையும் செல்வத்தையும் அடிப்படையாகக் கொண்டது. இளைஞர்களும் ஏழைகளும் இலகுவான ஆயுதங்களுடன் வெலித்தெஸ் ஆயினர். முதிர்ந்தவர்கள் திரியாரியாகக் கடைசி வரிசையில் நின்றனர். குறிப்பிட்ட சொத்து மதிப்புக்கு மேல் உள்ளவர்கள் இரும்பு வளையங்களால் ஆன கவசம் அணிந்தனர். கவசம் வசதியின் அடையாளமாக இருந்தது. சொத்தே இல்லாதவர்கள் சாதாரண காலங்களில் படையணியில் சேர்க்கப்படவில்லை.

கி.மு. 107இல் காயஸ் மாரியஸ் என்ற தளபதி சொத்தற்றவர்களையும் படையில் சேர்த்துக்கொண்டார். விளையாட்டில் "மாரியஸ் சீர்திருத்தம்" ஒரே நாளில் நிகழும் பெரும் திருப்பமாக வருகிறது. பழைய படைப்பிரிவுகளைத் திரட்டும் வழி மூடப்பட்டு, புதியவை கிடைக்கின்றன. ஆனால் அப்படி ஒரே மனிதர் ஒரே அடியில் படையை மாற்றி அமைத்தார் என்ற பழைய கருத்தை இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. மாற்றங்கள் பல தலைமுறைகளாகப் படிப்படியாக நிகழ்ந்தன என்பதே அவர்களின் பார்வை.

ரோமானிய வீரன் என்றதும் பலரின் நினைவுக்கு வரும் இரும்புப் பட்டைக் கவசம் மாரியஸ் காலத்துக்குச் சுமார் ஒரு நூற்றாண்டு பிந்தியது. அதற்கான மிகப் பழைய தொல்லியல் தடயங்கள் கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தவை. கி.பி. 113இல் ரோமில் எழுப்பப்பட்ட டிராஜன் தூணில் உள்ள சிற்பங்களின் வழியாகத் திரைப்படங்களுக்கும், அங்கிருந்து விளையாட்டுக்களுக்கும் அந்தத் தோற்றம் சென்று சேர்ந்தது.

ஒருமுறை நடந்ததும் வழக்கமாக இருந்ததும்

விளையாட்டுக்களில் விநோதமாகத் தோன்றும் அனைத்தும் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. "ரோம்: டோட்டல் வார்" விளையாட்டில் தீவைக்கப்பட்ட பன்றிகள் யானைகளை விரட்ட அனுப்பப்படுகின்றன. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மெகாரா நகரை மாசிடோனிய மன்னர் ஆன்டிகோனஸ் யானைகளுடன் முற்றுகையிட்டபோது, நகரவாசிகள் பன்றிகள் மீது கீல் பூசித் தீவைத்து விரட்டியதாகப் பண்டைய எழுத்தாளர்கள் இருவர் குறிப்பிடுகின்றனர். ஆபத்து வேளையில் ஒரு நகரத்தார் கையாண்ட தந்திரம் அது. அதை எந்த நேரத்திலும் விலைகொடுத்து வாங்கத்தக்க நிரந்தரப் படைப்பிரிவாக மாற்றும்போது, விதிவிலக்கு வழக்கமாகிவிடுகிறது.

வெட்டப்பட்ட தலைகளை எதிரி மீது எறியும் பிரிட்டானிய வீரர்களின் நிலை இன்னும் மோசம். கெல்ட் இனத்தவர் பகைவரின் தலைகளைப் பதப்படுத்தி வெற்றிச் சின்னமாக வைத்திருந்ததைக் கிரேக்க எழுத்தாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஆனால் அவற்றை எறிவதற்கென்று ஒரு படைப்பிரிவு இருந்ததற்குச் சான்று இல்லை. ரோமானியர்களுக்கு வரிசையும் ஒழுங்கும், அவர்களுடைய எதிரிகளுக்குக் கொடூரமும் கூச்சலும் என்ற பழைய பார்வையே இங்கு மறுபடியும் தலைகாட்டுகிறது.

மறுபுறம், மூல நூல்களே சரியான சித்திரத்தைத் தருகின்றன என்றும் கொள்ள முடியாது. ரஃபியாவில் தாலமியின் ஆப்பிரிக்க யானைகள் இந்திய யானைகளின் உருவத்தையும் வாடையையும் பிளிறலையும் கண்டு அஞ்சின என்று பாலிபியஸ் கூறுகிறார். ஆப்பிரிக்காவின் புல்வெளி யானை ஆசிய யானையை விடப் பெரியது என்பதால் இந்தக் கூற்று நீண்டகாலம் குழப்பத்தை ஏற்படுத்தியது. தாலமிகள் செங்கடல் கரையோரத்தில் பிடித்தவை உருவில் சிறிய காட்டு யானைகள் என்று விளக்கம் தரப்பட்டது. ஆனால் எரித்திரியாவில் இன்று எஞ்சியுள்ள யானைகளிடம் 2010களில் நடத்தப்பட்ட மரபணு ஆய்வு, அவை புல்வெளி யானைகளே என்று காட்டியது. பாலிபியசின் கூற்றை அப்படியே படைப்பிரிவின் எண்களாக மாற்றும் வடிவமைப்பாளர் அவருடைய ஐயத்துக்குரிய தகவலையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறார்.

மாசிடோனிய ஈட்டியின் நீளம்கூடத் திட்டவட்டமாகத் தெரியவில்லை. மரத்தாலான அதன் தண்டு முழுமையாகக் கிடைத்ததில்லை. பண்டைய நூல்கள் தரும் முழக் கணக்கைக் கொண்டு அது ஐந்தரை முதல் ஆறரை மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

பெண் தளபதிகள் குறித்த சர்ச்சை

இதே தொடரில் 2013இல் வெளியான "ரோம் இரண்டு" விளையாட்டில் எகிப்து தாலமிகளின் நாடாகவே சித்தரிக்கப்பட்டது. ஆனால் 2018இல் அந்த விளையாட்டு வேறொரு சர்ச்சையில் சிக்கியது. சில தரப்புகளின் படைத் தலைவர்களாகப் பெண்கள் தோன்றுவது வரலாற்றுக்கு முரணானது என்று ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் இணையத்தில் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். தங்கள் விளையாட்டு வரலாற்று உணர்வைத் தர முயல்வதே அன்றி, வரலாற்றை அச்சுப் பிசகாமல் நகலெடுப்பது அல்ல என்பது தயாரிப்பாளர் தரப்பின் நிலைப்பாடாக இருந்தது.

பண்டைய உலகில் பெரும்பாலான படைகளை ஆண்களே வழிநடத்தினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கி.மு. 231 முதல் இல்லிரியாவை ஆண்ட தியூட்டாவும், கி.மு. 20களில் ரோமுடன் போரிட்ட குஷ் நாட்டு அரசியும் பதிவு பெற்றவர்களே. ரஃபியாவில் போர் தொடங்குமுன் நான்காம் தாலமியுடன் அவருடைய சகோதரி அர்சினோவேயும் படை வரிசைகளின் முன்னே சென்று வீரர்களை உற்சாகப்படுத்தினார் என்று பாலிபியசே குறிப்பிடுகிறார்.

ஆயிரம் ஆண்டுகள் காலம் தவறிய தேர்களை 2004இல் பொறுத்துக்கொண்ட ஆட்டக்காரர்களும் இருந்தார்கள், ஒரு பெண் தளபதியை 2018இல் பொறுக்காதவர்களும் இருந்தார்கள். எந்தப் பிழை கண்ணை உறுத்துகிறது என்பது பார்ப்பவரின் முன்முடிவையும் பொறுத்தது.

ஆர்வலர்களின் திருத்தங்கள்

நிறுவனங்கள் விட்ட இடைவெளியை நிரப்ப ஆட்டக்காரர்களே முன்வந்தது இந்த வரலாற்றின் சிறப்பான பகுதி. "ரோம்: டோட்டல் வார்" வெளியான சில ஆண்டுகளுக்குள், "ரோம்: டோட்டல் ரியலிசம்", "யூரோபா பார்பரோரம்" போன்ற மாற்றுப் பதிப்புகளை ஆர்வலர் குழுக்கள் ஊதியமின்றி உருவாக்கி இலவசமாக வெளியிட்டன. பல நாடுகளில் இருந்தவர்கள் பண்டைய நூல்களையும் தொல்லியல் அறிக்கைகளையும் படித்து, படைப்பிரிவுகளை ஒவ்வொன்றாக மாற்றினர். எகிப்துக்கு மாசிடோனிய ஈட்டி அணியும், நிலம் பெற்ற குடியேறிகளும் திரும்பக் கிடைத்தனர். ரோமானியர் "காட்டுமிராண்டிகள்" என்று அழைத்த மக்களுக்கும் விரிவான படைகள் தரப்பட்டன.

ஆனால் எழுத்துச் சான்றுகள் குறைவாக உள்ள மக்களின் படைகளை உருவாக்க அவர்களும் ஊகத்தையே நாட வேண்டியிருந்தது. விளையாட்டின் அடிப்படை நிரலும் அவர்களைக் கட்டுப்படுத்தியது. உடையைத் திருத்த முடிந்த அளவுக்கு, படை திரட்டலின் பின்னிருந்த அரசியலைத் திருத்துவது எளிதாக இருக்கவில்லை.

உறுமியும் குதிரையும்

இந்தக் கேள்வி தமிழர்களுக்கும் அந்நியமானதன்று. இடைக்காலப் போர்களைச் சித்தரிக்கும் "ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டு" விளையாட்டில், 2013இல் சேர்க்கப்பட்ட "இந்தியர்" என்ற ஒரே தரப்பு துணைக்கண்டம் முழுவதையும் குறித்தது. 2022இல் அது பிரிக்கப்பட்டு, "திராவிடர்" உள்ளிட்ட தனித் தரப்புகள் அறிமுகமாயின. இராஜேந்திர சோழனின் படையெடுப்புகளைப் பின்பற்றும் கதைத்தொடரும் சேர்க்கப்பட்டது.

இங்கும் இருவகை அணுகுமுறையையும் காணலாம். திராவிடர்களின் தனிச்சிறப்பான வீரராக வருபவர், வளையும் உறுமியைச் சுழற்றும் வாள்வீரர். உறுமி தென்னிந்தியத் தற்காப்புக் கலைகளில் வழங்கும் ஆயுதம்தான். ஆனால் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகள் பெயர் சொல்லும் சோழப் படைப்பிரிவுகள் வேறு: வேளைக்காரர், வில்லிகள், குதிரைச் சேவகர், ஆனையாட்கள், கைக்கோளர். மன்னருக்கு உயிரைக் கொடுப்பதாக உறுதி பூண்ட வேளைக்காரர்களின் கதை உறுமியின் சுழற்சியை விட எந்த வகையிலும் சுவை குறைந்ததல்ல. அந்தப் படைப்பிரிவுகளில் சில கோவிலின் நிதியைப் பொறுப்பேற்று நிர்வகித்ததும் அதே கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளது.

அதேவேளை, திராவிடர்களின் குதிரைப்படையை வலிமை குன்றியதாக அந்த விளையாட்டு அமைத்திருப்பது உண்மைக்கு நெருக்கமானது. தமிழகத்தில் நல்ல குதிரைகள் வளரவில்லை என்பதையும், பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை அரபு வணிகர்களிடமிருந்து பெரும் விலை கொடுத்து வாங்கியதையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ விவரிக்கிறார். ஒரு படைப்பிரிவின் பலவீனம் ஒரு கடல்வணிகத்தின் வரலாற்றையே சுட்டிக்காட்டுகிறது.

கேட்க வேண்டிய கேள்வி

பண்டைய படைகளை முற்றிலும் பிழையின்றிக் காட்டும் விளையாட்டு எதுவும் இல்லை. ஆதாரங்களில் உள்ள இடைவெளிகளைக் கருதும்போது, அப்படி ஒன்று சாத்தியமும் இல்லை. அதனால் இவ்விளையாட்டுக்களை ஒதுக்க வேண்டும் என்பதற்கில்லை. ரஃபியா என்ற பெயரை முதன்முதலில் ஒரு விளையாட்டில் கண்டு, பின்னர் பாலிபியசைத் தேடிப் படித்தவர்களும் உண்டு.

திரையில் ஒரு படைப்பிரிவைக் காணும் பெற்றோரும் ஆசிரியரும் இளைஞர்களும் அதன் கவசம் சரியா என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டியதில்லை. இந்த வீரன் யார், இவனிடம் ஆயுதத்தைக் கொடுத்தவர் யார், போர் முடிந்தபின் அதைத் திரும்பப் பெற முடிந்ததா என்றும் கேட்கலாம். எகிப்தின் 20,000 ஈட்டி வீரர்களைப் பொறுத்தவரை, அவ்வாறு எளிதில் திரும்பப் பெற முடியவில்லை என்பதே வரலாறு தரும் பதில்.